டீசல் சுடரும் நாக்ஸ் கணக்கும்: வாசகர் கேள்வி–பதில்

டீசல் எஞ்சின்களிலிருந்து வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பற்றியும், அவற்றைக் கணினியில் முன்கூட்டியே கணக்கிடும் முறைகளைப் பற்றியும் கேட்டுப் பல கடிதங்கள் வந்திருப்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு ஆகிய இரண்டையும் சேர்த்து ஆய்வகத்திலும் பட்டறையிலும் ‘நாக்ஸ்’ என்றே சொல்கிறார்கள். நானும் அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறேன்.

டீசலில் நைட்ரஜன் கிடையாது என்று படித்தேன். அப்படியிருக்க, புகையில் நைட்ரஜன் ஆக்சைடு எங்கிருந்து வருகிறது? என் பழைய லாரியைப் போலப் புதிய லாரி கரும்புகை விடுவதில்லை. அதனால் அதில் நாக்ஸும் இல்லை என்று கொள்ளலாமா?
– லாரி உரிமையாளர், நாமக்கல்

டீசலில் நைட்ரஜன் இல்லாமல் இல்லை. ஆனால் கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவுக்கு மிகக் குறைவு. நாக்ஸுக்கு வேண்டிய நைட்ரஜன், எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றிலிருந்தே கிடைக்கிறது. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். அதன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் மும்மைப் பிணைப்பால் இறுகக் கட்டுண்டிருக்கின்றன. அந்தப் பிணைப்பைப் பிளக்க ஒரு மோலுக்கு ஏறத்தாழ 945 கிலோஜூல் ஆற்றல் வேண்டும் என்பதால், சாதாரணச் சூட்டுக்கு நைட்ரஜன் அசைந்து கொடுப்பதில்லை. டீசல் சுடரின் வெப்பநிலையோ 2000 கெல்வினை எளிதில் தாண்டிவிடுகிறது. அந்தச் சூட்டில் ஆக்சிஜன் மூலக்கூறுகளில் சில தனித்தனி அணுக்களாகப் பிரிகின்றன. ஓர் ஆக்சிஜன் அணு நைட்ரஜன் மூலக்கூறைத் தாக்கும்போது ஒரு நைட்ரிக் ஆக்சைடும் ஒரு தனி நைட்ரஜன் அணுவும் கிடைக்கின்றன. அந்த நைட்ரஜன் அணு அருகிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து இன்னொரு நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கி, மறுபடியும் ஓர் ஆக்சிஜன் அணுவை விடுவிக்கிறது. விடுபட்ட அணு அடுத்த நைட்ரஜன் மூலக்கூறைத் தேடிப் போகிறது. சோவியத் அறிவியலாளர் யாக்கோவ் ஸெல்டோவிச் 1946இல் விளக்கிய இந்தச் சங்கிலிதான் இன்றுவரை எல்லா நாக்ஸ் கணக்குகளுக்கும் அடிப்படை. நைட்ரஜன் அணு ஹைட்ராக்சிலோடு சேரும் மூன்றாவது வினையைப் பின்னர் வந்தவர்கள் சேர்த்துக்கொண்டார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை: கொள்ளக் கூடாது. கரும்புகை என்பது எரியாமல் தங்கிய கரித்துகள். நைட்ரிக் ஆக்சைடுக்கு நிறமே கிடையாது. பழைய வடிவமைப்புகளில் இவ்விரண்டும் தராசுத் தட்டுகளைப் போல, ஒன்று தாழ்ந்தால் மற்றது உயர்வதாகவே இருந்தன. சுடர் சூடாகவும் நன்றாகவும் எரிந்தால் கரி குறையும், நாக்ஸ் கூடும். மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்காக டீசல் வண்டிக்குச் செய்யும் சோதனை புகையின் அடர்த்தியை மட்டுமே பார்க்கிறது. நாக்ஸை அது அளப்பதேயில்லை. உங்கள் புதிய லாரியில் நாக்ஸ் குறைவாக இருக்கிறது என்றால், அதற்குக் காரணம் நீங்கள் ஊற்றும் யூரியாக் கரைசல். 32.5 விழுக்காடு யூரியா கொண்ட அந்தக் கரைசல், புகைக்குழாயின் சூட்டில் அம்மோனியாவாக மாறி, வினையூக்கியின் மேல் நாக்ஸோடு சேர்ந்து, மீண்டும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் வெளியேறுகிறது. கனரக எஞ்சின்களுக்கு, இந்தியாவின் மாசு விதிமுறையான பாரத் ஸ்டேஜ் 4இல் ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராமாக இருந்த நாக்ஸ் வரம்பு, 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6இல் மாறுவேகச் சோதனைக்கு 0.46 கிராமாகக் குறைந்திருக்கிறது. எரியறைக்குள் செய்யும் மாற்றங்களை மட்டும் நம்பி இவ்வளவு குறைப்பது மிகவும் கடினம். யூரியா ஊற்றாமல் ஓட்டுவதற்குச் சென்சாரை ஏமாற்றும் கருவிகளை யாராவது விற்க வந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். அந்த வண்டி விடும் நாக்ஸ் கண்ணுக்குத் தெரியாதே தவிர, பின்னால் வருகிறவர்களின் நுரையீரலுக்குள் போகும்.

எங்கள் ஆய்வகத்து ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினுக்கு (விட்டம் 87.5 மி.மீ., ஓட்டம் 110 மி.மீ., அமுக்க விகிதம் 17.5, நிமிடத்துக்கு 1500 சுற்று) எரிபொருள் எரியும் வேகத்தைக் குறிக்கும் வீபே சார்பைக் கொண்டு ஒற்றை மண்டல மாதிரி ஒன்றை எழுதினேன். சிலிண்டர் அழுத்தக் கோடு, அளந்த கோட்டோடு மிக நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் நாக்ஸ் ஏறத்தாழப் பூஜ்யமாக வருகிறது. அளவுமானியோ நூற்றுக்கணக்கான பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) காட்டுகிறது. ஸெல்டோவிச் வினையின் வேகக் கெழுவைப் பெருக்கிப் பொருத்திவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?
– முதுநிலைப் பொறியியல் மாணவி, கோவை

செய்யாதீர்கள். அந்தக் கெழு உங்கள் எஞ்சினைப் பற்றியது அல்ல. ஆக்சிஜன் அணுவும் நைட்ரஜன் மூலக்கூறும் மோதும்போது நடப்பதைப் பற்றியது. அதிர்வலைக் குழாய்களிலும் சுடர்களிலும் பல்லாண்டுகளாகப் பலர் அளந்து உறுதிசெய்த எண் அது. உங்கள் மாதிரியில் தவறாக இருப்பது வெப்பநிலை.

அழுத்தக் கோடு சரியாக இருக்கும்போது வெப்பநிலை எப்படித் தவறாகும் என்று நீங்கள் கேட்கலாம். ஒற்றை மண்டல மாதிரி, சிலிண்டருக்குள் இருக்கும் வாயு முழுவதற்கும் ஒரே வெப்பநிலை என்று எடுத்துக்கொள்கிறது. உங்கள் எஞ்சினில் அந்தச் சராசரி, முழுச் சுமையிலும் 1700 கெல்வினை ஒட்டித்தான் நிற்கும். ஆனால் அந்த நொடியில் சிலிண்டருக்குள் இருப்பதில் பெரும்பகுதி, இன்னும் எரியாமல் 900 கெல்வினை ஒட்டிய சூட்டில் நிற்கும் காற்றும், அதன் நடுவே 2600 கெல்வினில் எரியும் சுடருமே. அழுத்தம் மொத்த ஆற்றலைப் பொறுத்தது. ஆகவே அதற்குச் சராசரி போதும். நாக்ஸோ சுடரின் சூட்டை மட்டுமே பார்க்கிறது.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை ஒருமுறை கையால் கணக்கிட்டுப் பாருங்கள். ஸெல்டோவிச்சின் முதல் வினைக்கு வேண்டிய கிளர்வு ஆற்றலையும், ஆக்சிஜன் மூலக்கூறு அணுக்களாகப் பிரியும் சமநிலையையும் சேர்த்தால், நைட்ரிக் ஆக்சைடு உருவாகும் தொடக்க வேகம், 69,090ஐ வெப்பநிலையால் வகுத்து எதிர்க்குறியிட்ட அடுக்குக்குறிச் சார்பாக மாறும். 2200 கெல்வினிலிருந்து 2300 கெல்வினுக்கு ஏறினால் வேகம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. 2000க்கும் 2500க்கும் இடையே கிட்டத்தட்ட 900 மடங்கு வேறுபாடு. உங்கள் 1700 கெல்வின் சராசரியை 2500 கெல்வினோடு ஒப்பிட்டால், வெப்பநிலையின் பங்கு மட்டுமே மூன்றரை லட்சம் மடங்கைத் தாண்டுகிறது. உங்களுக்குப் பூஜ்யம் வந்ததில் வியப்பில்லை. அதைப் பெருக்கிச் சரிக்கட்ட வேண்டுமானால் அந்த மூன்றரை லட்சத்தைப் போன்ற ஓர் எண்ணை நுழைக்க வேண்டும். அப்படி நுழைத்த மாதிரி, சுமையைச் சற்றே மாற்றினாலும் முற்றிலும் பொய்யான விடையைத் தரும்.

ஆகவே குறைந்தது இரண்டு மண்டலங்களாவது வேண்டும். பல மண்டலங்கள் இருந்தால் இன்னும் நல்லது. எஞ்சின் தண்டு திரும்பும் கோணத்தின் (கிராங்க் கோணம்) ஒவ்வொரு படியிலும் எரியும் எரிபொருளை, அது எரிவதற்குத் துல்லியமாகப் போதுமான காற்றோடு சேர்த்துத் தனியொரு பொதியாக எடுத்துக்கொள்ளுங்கள். டீசல் சுடரின் விளிம்பில் எரிபொருளும் காற்றும் அந்த விகிதத்தில்தான் சந்திக்கின்றன. பிறந்த கணத்திலிருந்து வால்வு திறக்கும்வரை அந்தப் பொதியின் வெப்பநிலை வரலாற்றைத் தனியாகப் பின்தொடர வேண்டும். இதில் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. முதலில் எரிந்த பொதி எரிந்ததோடு நின்றுவிடுவதில்லை. அதன் பிறகு எரியும் பொதிகள் அழுத்தத்தை உயர்த்த உயர்த்த, முதல் பொதி மேலும் அமுக்கப்பட்டு மேலும் சூடாகிறது. 50 பார் அழுத்தத்தில் 2600 கெல்வினில் எரிந்த பொதி, அழுத்தம் 65 பாருக்கு ஏறும்போது, வெப்ப இழப்பைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 2750 கெல்வினை எட்டுகிறது. அந்த 150 கெல்வின் ஏற்றத்தில் நாக்ஸ் உருவாகும் வேகம் நான்கு மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. முதலில் எரியும் சிறு பங்கு எரிபொருளே நாக்ஸில் பெரும் பங்கைத் தருவதற்கும், எரிபொருள் தெளிப்பைக் கிராங்க் கோணத்தில் சில பாகை தாமதித்தால் நாக்ஸ் சட்டென்று விழுவதற்கும் இதுவே முதன்மையான காரணம்.

அடுத்து அந்தப் பொதி சுற்றியிருக்கும் காற்றோடு எவ்வளவு விரைவாகக் கலந்து குளிர்கிறது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். இந்தக் கலப்பு வேகத்தை எளிய மாதிரியால் தானாகக் கண்டுபிடிக்க முடியாது; அதை நீங்கள்தான் பொருத்தியாக வேண்டும். பொருத்துவதில் தவறில்லை. எதைப் பொருத்தினீர்கள், எந்த ஓர் அளவீட்டைக் கொண்டு பொருத்தினீர்கள் என்பதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். ஆய்வேடுகளில் நான் முதலில் தேடிப் பார்ப்பது இந்த வாக்கியத்தைத்தான். பலவற்றில் அது இருப்பதில்லை. மேல்நிலைக்கு (பிஸ்டன் உச்சியை எட்டும் இடத்துக்கு) 23 பாகை முன்னதான தெளிப்பில், முழுச் சுமையில் ஒருமுறை பொருத்துங்கள். பிறகு அந்த எண்ணைத் தொடாமல், 20 பாகைக்கும் 26 பாகைக்கும், கால், அரை, முக்கால் சுமைகளுக்கும் மாதிரி என்ன சொல்கிறது என்று பாருங்கள். அளவு பத்துப் பதினைந்து விழுக்காடு விலகினாலும், ஏறும் இடத்தில் ஏறி இறங்கும் இடத்தில் இறங்கினால் உங்கள் மாதிரி இயற்பியலைப் பிடித்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு புள்ளிக்கும் வெவ்வேறு எண்ணைப் போட்டு எல்லாப் புள்ளிகளிலும் கோட்டை ஒட்டவைத்தால், அது அளவீட்டையே வேறு வடிவத்தில் திருப்பிச் சொல்வதாகும்.

இன்னும் இரண்டு சிறு இடறல்கள். அளவுமானிக்குப் போகும் வாயுவிலிருந்து பெரும்பாலும் ஈரத்தை நீக்கிவிட்டுத்தான் அளக்கிறார்கள். உங்கள் மாதிரியில் நீராவி இருக்கிறது. உயர் சுமையில் இது ஏழெட்டு விழுக்காடு வேறுபாட்டைத் தரும். மற்றொன்று, பி.பி.எம்.மிலிருந்து கிராமுக்கு மாற்றும்போது வருவது. விதிமுறைகளில் நாக்ஸ் முழுவதையும் நைட்ரஜன் டை ஆக்சைடாகவே கொண்டு, மூலக்கூறு எடை 46 என்று கணக்கிடுகிறார்கள். மாதிரி தரும் நைட்ரிக் ஆக்சைடின் மூலக்கூறு எடை 30. அதைக் கவனிக்காமல் ஒப்பிட்டால் உங்கள் விடை ஒன்றரை மடங்கு குறைந்து நிற்கும். எரிதலில் எங்கோ பிழை என்று எண்ணி, இந்த ஒரு பெருக்கலுக்காக ஒரு மாணவர் மாதக்கணக்கில் வெப்ப இழப்புச் சமன்பாட்டைத் திருத்திக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். முதலில் அலகைச் சரிபார்த்துவிட்டுப் பிறகு இயற்பியலுக்குப் போங்கள்.

வினைவேகக் கணக்கெல்லாம் எதற்கு? சுடரின் வெப்பநிலையும் அழுத்தமும் தெரிந்தால், வேதிச் சமநிலை மாறிலியைக் கொண்டே நைட்ரிக் ஆக்சைடின் அளவைச் சொல்லிவிடலாமே?
– வேதியியல் ஆசிரியர், திருநெல்வேலி

சமநிலை, நேரம் போதுமானால் எங்கே போய்ச் சேரும் என்பதைச் சொல்லும். எப்போது போய்ச் சேரும் என்பதைச் சொல்லாது. எஞ்சினில் நேரம்தான் பற்றாக்குறை. நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடும் எஞ்சின் ஒரு மில்லி வினாடியில் 9 பாகை திரும்பிவிடுகிறது. நாக்ஸ் உருவாகத் தக்க சூடு நிலைப்பதோ மேல்நிலையை ஒட்டிய இருபது முப்பது பாகைகளுக்குள்தான். அதாவது இரண்டு மூன்று மில்லி வினாடிகள்.

60 வளிமண்டல அழுத்தத்தில் நைட்ரிக் ஆக்சைடு சமநிலையை எட்ட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று மதிப்பிடும் சூத்திரம் உண்டு. 2700 கெல்வினில் அது ஒரு மில்லி வினாடிக்கும் குறைவு. 2500 கெல்வினில் மூன்றரை மில்லி வினாடி. 2200 கெல்வினில் எழுபதுக்கு மேல். 2000 கெல்வினிலோ ஏறத்தாழ ஒரு முழு வினாடி. ஆக, மிகச் சூடான பொதிகள் மட்டுமே சமநிலையை நெருங்குகின்றன. மற்றவை பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன.

திரும்பி வரும் வழியிலும் இதே சிக்கல் இருக்கிறது. பிஸ்டன் இறங்கும்போது வாயு விரிந்து குளிர்கிறது. சமநிலையின்படி நைட்ரிக் ஆக்சைடு சிதைந்து மறுபடி நைட்ரஜனும் ஆக்சிஜனுமாக மாறியிருக்க வேண்டும். 700 கெல்வினில் வெளிவரும் புகையில் அது ஒரு பி.பி.எம்.மைக்கூட எட்டக் கூடாது. ஆனால் சிதைவு வினையும் சூட்டை நம்பியே நடப்பதால், குளிர்ச்சி அதை வழியிலேயே நிறுத்திவிடுகிறது. கம்பிப் பதத்தில் அடுப்பிலிருந்து இறக்கிய பாகு அதற்கு மேல் பதம் மாறாமல் நின்றுவிடுவதைப் போல, சூடான கணத்தில் உருவான நைட்ரிக் ஆக்சைடு அந்த அளவிலேயே உறைந்து புகைக்குழாய்க்குப் போகிறது. உங்கள் மாணவர்களுக்குச் சமநிலையையும் வினைவேகத்தையும் வேறுபடுத்திக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

நாங்கள் முப்பரிமாணப் பாய்மக் கணிப்பு மென்பொருளைக் கொண்டு எரியறையை லட்சக்கணக்கான சிறு கலங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறோம். அப்படிச் செய்தும் நாக்ஸ் சில நேரம் முப்பது நாற்பது விழுக்காடு விலகிப்போகிறது. ஸெல்டோவிச் சங்கிலி போதவில்லையா? விரிவான வினைத்தொகுதி தேவையா?
– எஞ்சின் வடிவமைப்புப் பொறியாளர், ஒரகடம்

வழக்கமான டீசல் எரிதலுக்கு, மூன்றாவது வினையையும் சேர்த்து விரிவாக்கிய ஸெல்டோவிச் சங்கிலி போதும் என்பதே என் கருத்து. விலகல் பெரும்பாலும் வேதியியலில் இல்லை. மேலே கோவை மாணவிக்குச் சொன்ன அதே சராசரிச் சிக்கல்தான் உங்கள் கலத்துக்குள்ளும் சிறிய அளவில் இருக்கிறது. சுடரின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கு. உங்கள் கலத்தின் அகலம் அரை மில்லிமீட்டராக இருந்தாலும், சுடரும் அதன் இருபுறத்துக் குளிர்ந்த வாயுவும் ஒரே கலத்துக்குள் அடங்கிவிடும். கலத்தின் சராசரி வெப்பநிலையை நேரே வேகச் சமன்பாட்டில் போட்டால் நாக்ஸ் குறையும். கொந்தளிப்பால் வெப்பநிலை ஏறி இறங்குவதை நிகழ்தகவுப் பரவலாகவோ முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த மெல்லிய சுடர்களின் (சுடர்த்தாள்) அட்டவணையாகவோ உள்ளே கொண்டுவரும் முறைகள் இதற்காகவே வந்தவை. உங்கள் மென்பொருளில் அந்தத் தெரிவு இயக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இந்தத் துறை எப்படி வளர்ந்தது என்பதை அறிந்திருப்பது, எங்கே சந்தேகப்பட வேண்டும் என்பதையும் காட்டும். ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோயாசுவும் கடோட்டாவும் 1976இலேயே டீசல் தெளிப்பைப் பல பொதிகளாகப் பிரித்து நைட்ரிக் ஆக்சைடையும் கரியையும் கணக்கிட்டுக் காட்டினார்கள். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகம் 1985இல் வெளியிட்ட கிவா நிரல், முப்பரிமாணக் கணக்கைப் பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டுசென்றது. ஆனால் சுடர் உண்மையில் எப்படி இருக்கிறது என்ற படம் அப்போது தெளிவாக இல்லை. ஜான் டெக் என்ற ஆய்வாளர், சாண்டியா தேசிய ஆய்வகத்தில் ஒளி புகும் எஞ்சினுக்குள் லேசர் தாளைச் செலுத்தி எடுத்த படங்களை ஒன்றுசேர்த்து 1997இல் ஒரு கருத்துருவை வெளியிட்டார். அதன்படி, தெளிப்பின் உட்பகுதியில் எரிபொருள் மிகுந்த கலவை அரைகுறையாக எரிந்து கரியை உண்டாக்குகிறது. அதைச் சுற்றி உறையைப் போல மெல்லிய பரவல் சுடர் ஒன்று நிற்கிறது. நாக்ஸ் அந்த உறையின் வெளிப்புறத்தில், ஆக்சிஜனும் உச்சச் சூடும் சேரும் இடத்தில் பிறக்கிறது. கரி உள்ளே, நாக்ஸ் வெளியே. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு, உங்கள் கணக்கில் நாக்ஸ் எந்த இடத்தில் பிறக்கிறது என்று வண்ணப்படம் எடுத்துப் பாருங்கள். அளவு பொருந்தியும் இடம் தவறாக இருந்தால், அந்தப் பொருத்தத்தை நம்ப வேண்டாம்.

வெப்பநிலையை இழுக்கும் வேறு சில கைகளும் உண்டு. கரித்துகள்கள் ஒளிர்ந்து கதிர்வீச்சாக வெப்பத்தை இழக்கின்றன. கதிர்வீச்சை விட்டுவிட்டால் சுடர் சற்றே கூடுதல் சூடாக இருக்கும். 2300 கெல்வினில் 50 பாகை பிழை, வெப்பநிலையில் இரண்டே விழுக்காடு. நாக்ஸ் உருவாகும் வேகத்திலோ அது கிட்டத்தட்ட இரு மடங்கு. டீசலுக்கு மாற்றாகப் பலரும் எடுத்துக்கொள்ளும் நார்மல் ஹெப்டேன், பற்றும் திறனில் டீசலைப் போன்றதே தவிர, அதில் அரோமாட்டிக் (பென்சீன் வளையம் கொண்ட) பொருள்கள் இல்லை. அதனால் கரியும் கதிர்வீச்சும் மாறிவிடும். உங்கள் முப்பது விழுக்காடு விலகலை வெப்பநிலைக்கு மாற்றிப் பார்த்தால் இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட பாகைகளே வரும். அந்த அளவுக்குச் சுடரின் சூட்டைப் பிடித்திருக்கிறீர்கள் என்றால், அது குறைந்த சாதனை அல்ல.

விரிவான வினைத்தொகுதி உண்மையாகவே தேவைப்படும் இடம் வேறு. புகையைப் பெருமளவில் மறுசுழற்சி செய்து ஆக்சிஜனைக் குறைத்து, சுடரை 2200 கெல்வினுக்கும் கீழே வைக்கும் எரிதல் முறைகளில், ஸெல்டோவிச் வழி மிகவும் மெலிந்துவிடும். அப்போது ஆக்சிஜன் அணுவும் நைட்ரஜன் மூலக்கூறும் உயர் அழுத்தத்தில் சேர்ந்து முதலில் நைட்ரஸ் ஆக்சைடாகி, அது பிறகு நைட்ரிக் ஆக்சைடாகும் வழி முன்னுக்கு வருகிறது. ஃபெனிமோர் என்ற ஆய்வாளர் 1971இல் காட்டிய, ஹைட்ரோகார்பன் துணுக்குகள் நைட்ரஜனைத் தாக்கும் உடனடி வழியும் சிறிது பங்களிக்கும்.

புங்கன் எண்ணெய் பயோடீசலில் நாக்ஸ் கூடுகிறது என்று சில ஆய்வுகளும் குறைகிறது என்று சிலவும் சொல்கின்றன. எதை நம்பி மாதிரி அமைப்பது?
– ஆய்வு மாணவர், மதுரை

இரண்டும் உண்மையாக இருக்கலாம், எஞ்சினைப் பொறுத்தது. பயோடீசல் டீசலைப் போல எளிதில் அமுங்குவதில்லை. பம்பு, நீண்ட குழாய், நாசில் என்றிருக்கும் பழைய எந்திரவகைத் தெளிப்பில் அழுத்த அலை சற்றே விரைவாகப் போய்ச் சேர்வதால், தெளிப்பு தானாகவே முன்னதாகத் தொடங்கிவிடும், நாக்ஸ் கூடும். எல்லா நாசில்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எரிபொருள் தரும் காமன் ரெயில் எஞ்சினில் தெளிப்பின் நேரத்தை மின்னணுக் கட்டுப்பாடே தீர்மானிப்பதால் இந்த விளைவு மறைந்துவிடுகிறது. ஆனால் பயோடீசலின் எரியாற்றல் குறைவு என்பதால் கூடுதல் எரிபொருள் தேவைப்பட, கட்டுப்பாட்டுப் பெட்டி அதை அதிகச் சுமை என்று எண்ணி அட்டவணையில் வேறொரு கட்டத்துக்குப் போய்விடும். நாக்ஸ் அங்கே கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். இவற்றைத் தவிர, மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் சுடருக்குள் கரி குறைகிறது. கரி குறைந்தால் கதிர்வீச்சு இழப்பும் குறைந்து சுடர் சூடேறுகிறது. ஆகவே எரிபொருளின் பண்புகளை மாற்றுவதற்கு முன், உண்மையான தெளிப்புத் தொடக்கத்தை ஊசியின் நகர்வை அளந்து உறுதிசெய்யுங்கள். அந்த அளவீடு இல்லாத ஆய்வை வைத்துப் பயோடீசலின் வேதியியலைப் பற்றி எந்த முடிவுக்கும் வர இயலாது.

நாக்ஸை இவ்வளவு நுட்பமாகக் கணக்கிட முடியும் என்றால், 2015இல் ஃபோக்ஸ்வாகன் விவகாரம் எப்படி நடந்தது?
– வாசகர், சென்னை

அது கணக்குத் தெரியாமல் நடந்ததன்று. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட குற்றச்சாட்டின்படி, அந்நாட்டில் விற்ற ஏறத்தாழ 4,82,000 கார்களின் மென்பொருள், கார் சோதனைக்கூடத்தில் ஓடுகிறதா சாலையில் ஓடுகிறதா என்பதைக் கண்டறிந்து, சாலையில் நாக்ஸ் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டது. வெளியான நாக்ஸ் வரம்பைவிட 40 மடங்கு வரை இருந்தது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காரில் அளவுமானியை ஏற்றிச் சாலையில் ஓட்டிப் பார்த்ததால்தான் வேறுபாடு வெளிப்பட்டது. இந்தியாவிலும் 2023 ஏப்ரல் முதல் கார்களுக்குச் சாலைச் சோதனையின் வரம்பு கட்டாயமாகியிருக்கிறது. இதை நான் மனமார வரவேற்கிறேன். மாதிரியோ சோதனைக்கூடமோ எவ்வளவு நன்றாக இருந்தாலும், மூச்சுவிடும் மனிதர் நிற்கும் இடம் சாலைதான். அளவீடும் அங்கே நடக்க வேண்டும்.

ஒரே எஞ்சின், ஒரே சுமை, ஒரே எரிபொருள். ஆனால் ஒரு நாள் அளந்த நாக்ஸ் மறு வாரம் அளக்கும்போது பத்து விழுக்காடு வரை மாறுகிறது. அளவுமானியைப் பழுதுபார்த்தும் சரியாகவில்லை. காரணம் என்னவாக இருக்கும்?
– ஆய்வக உதவியாளர், சென்னை

காற்றின் ஈரத்தைப் பாருங்கள். உள்ளே போகும் நீராவி எரிவதில்லை. சுடரின் வெப்பத்தைப் பங்குபோட்டுக்கொண்டு அதைக் குளிர்விக்கிறது, அந்த அளவுக்கு ஆக்சிஜனின் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. சில பாகைக் குளிர்ச்சியே நாக்ஸில் என்ன செய்யும் என்பதை மேலே பார்த்தோம். இதனால்தான் விதிமுறைகள் ஒரு கிலோ உலர்ந்த காற்றுக்கு 10.71 கிராம் ஈரம் என்ற அளவை அடிப்படையாக வைத்து, அளந்த நாக்ஸைத் திருத்தச் சொல்கின்றன. கனரக டீசல் எஞ்சின்களுக்கான திருத்தக் கெழு, ஈரத்தின் கிராம் அளவை 15.698ஆல் பெருக்கி, 1000ஆல் வகுத்து, 0.832ஐக் கூட்டினால் கிடைக்கும். சென்னையில் புழுக்கமான நாளில் ஈரம் 20 கிராமை எளிதில் தொடும். அப்போது கெழு 1.146, அதாவது உங்கள் அளவுமானி காட்டுவது, அடிப்படை நிலையில் வரவேண்டியதை விட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. கடற்காற்று ஓய்ந்து வறண்ட மேல்காற்று வீசும் நாளில் இது கணிசமாக மாறிவிடும்.

ஈரக் குமிழ், உலர் குமிழ் வெப்பமானிகள் இரண்டையும் காற்று உள்ளே போகும் குழாயின் வாயருகே பொருத்துங்கள். அறையின் மூலையில் தொங்கும் மானியை நம்ப வேண்டாம், அங்கே எஞ்சினின் சூடும் சேர்ந்துவிடும். ஒவ்வொரு நாக்ஸ் அளவீட்டோடும் அந்த இரண்டு எண்களையும் காற்றழுத்தத்தையும் பதிவேட்டில் எழுதுங்கள். பழைய பதிவுகளில் அவை இல்லாவிட்டால், அந்த நாள்களின் வானிலைப் பதிவைத் தேடியெடுத்து ஈரத்தை மதிப்பிட்டுத் திருத்தலாம். முழுத் துல்லியம் கிடைக்காது என்றாலும், பத்து விழுக்காட்டுக் குழப்பத்தில் எவ்வளவு வானிலையால் வந்தது என்பது தெரிந்துவிடும்.